மாதிரி விமான எஞ்சினுக்கு எந்த எரிபொருள், எந்த எண்ணெய்?

மாதிரி விமானங்களுக்கான எரிபொருள் கேனைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது நைட்ரோ சதவீதம், அதாவது சக்தி கூட்டச் சேர்க்கும் நைட்ரோமீத்தேனின் அளவு. 5, 10, 15, 30 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எண்ணெய் எவ்வளவு, என்ன வகை என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சில கேன்களில் அதுவும் இருக்காது. வாங்குகிறவரும் நைட்ரோவைப் பார்த்தே வாங்குகிறார். ஆனால் எஞ்சின் எத்தனை காலம் உழைக்கும், பிஸ்டன் தேயுமா, பேரிங் துருப்பிடிக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பொடி எழுத்துதான். நைட்ரோ சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் முரண்டு பிடித்தபடியாவது ஓடிவிடும். எண்ணெய் தவறினால் ஒரே பறப்பில் கதை முடிந்துவிடலாம். ஆகவே தேர்வை எண்ணெயில் தொடங்கி, நைட்ரோவைக் கடைசிக்குத் தள்ளுவதே சரியான வரிசை என்பது என் கட்சி.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை எஞ்சின் என்று தெரிய வேண்டும். மாதிரி விமானங்களில் ஓடும் எஞ்சின்கள் மூன்று குடும்பம்: தீப்பொறியால் எரியூட்டும் பெட்ரோல் எஞ்சின், சூடான கம்பிச்சுருளால் எரியூட்டும் க்ளோ பிளக் உள்ள மெத்தனால் எஞ்சின், அழுத்தத்தாலேயே எரியும் 'டீசல்'. ஒன்றின் எரிபொருள் மற்றொன்றுக்கு உதவாது. பெட்ரோலை க்ளோ எஞ்சினில் ஊற்றினால் அது ஓடாது. மெத்தனாலைப் பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டரில் விட்டால் உள்ளே இருக்கும் டயாஃப்ரமும் ரப்பர் பாகங்களும் கெடும்.

மெத்தனால் வந்த வழி

1930களின் மாதிரி எஞ்சின்கள் பெட்ரோலில்தான் ஓடின. பிரவுன் ஜூனியர் போன்ற அந்தக் கால எஞ்சின்களுக்கு மூன்று பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கெட்டியான கனிம எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். தீப்பொறிக்குச் சுருள், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் விமானமே சுமந்தாக வேண்டும். சிறிய விமானத்துக்கு அது பெரும் பாரம். 1947இல் ரே ஆர்டன் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பாரம் முழுவதும் கீழே இறங்கிவிட்டது.

க்ளோ பிளக்கின் உயிர் அதன் பிளாட்டினக் கலவைக் கம்பிச்சுருள். தொடங்கும்போது ஏறத்தாழ 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்கவைக்கிறோம். சூடான பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி படும்போது, பிளாட்டினம் வினையூக்கியாக நின்று அங்கேயே வினை நடக்கிறது, வெப்பம் வெளிப்படுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் பேட்டரியைக் கழற்றிவிடலாம். ஒவ்வொரு சுற்றின் எரிதலும் இந்த வினையும் சேர்ந்து கம்பியைச் சூடாகவே வைத்திருக்கும். பெட்ரோலுக்கும் பிளாட்டினத்துக்கும் இந்த உறவு கிடையாது. க்ளோ எஞ்சினுக்கு மெத்தனால்தான் என்று விதித்தது இந்த வேதியியல்தான்.

மெத்தனாலில் ஆற்றல் குறைவு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 44 மெகாஜூல், மெத்தனாலில் 20தான். ஆனால் எஞ்சினின் சக்தியைக் கட்டுப்படுத்துவது எரிபொருளைவிட, ஒரு சுற்றில் சிலிண்டருக்குள் நுழையக்கூடிய காற்று. ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.5 கிலோ போதும். அதே காற்றில் இரு மடங்குக்கும் மேலான மெத்தனாலை எரிக்கலாம். கிலோ காற்றுக்கு எனக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய 3 மெகாஜூலில் வந்து நிற்கின்றன. டேங்க் வேகமாகக் காலியாகும், அவ்வளவுதான்.

இதற்குள் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. அளவும் இரு மடங்குக்கு மேல் உள்ளே போகிறது. இரண்டையும் பெருக்கினால், உள்ளே போகும் கலவை பெட்ரோலைவிட ஆறேழு மடங்கு குளிர்ச்சி தருகிறது. விரலளவுக் குளிர்ச்சித் தகடுகளோடு நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சுற்று சுற்றும் ஓர் எஞ்சின் உருகாமல் இருப்பதற்கு இந்த உள்குளிர்ச்சி பெரிய காரணம்.

ஏன் இவ்வளவு எண்ணெய்?

தோட்ட வேலைக்கான பெட்ரோல் இயந்திரங்களில் 2 சதவீத எண்ணெய் கலந்து பழகியவர்கள், க்ளோ எரிபொருளில் 18 முதல் 22 சதவீதம் எண்ணெய் இருப்பதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். 6.5 சிசி எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் அவுன்ஸ், அதாவது 30 மில்லிலிட்டர் எரிபொருள் குடிக்கும். அதில் 6 மில்லிலிட்டர் எண்ணெய். முழு வேகத்திலேயே பத்து நிமிடம் பறந்தால் 60 மில்லிலிட்டர் எண்ணெய் உள்ளே போய், பெரும்பகுதி எரியாமலே மஃப்ளர் வழியாக வெளியேறி இறக்கையின் மேல் படிகிறது. பறந்து முடித்தபின் விமானத்தைத் துடைக்கும் வேலை இதனால்தான்.

வீண்செலவு என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்துவிட்டுத்தான் வெளியேறுகிறது. உராய்வைத் தடுப்பது முதல் வேலை. பெரும்பாலான மாதிரி எஞ்சின்களின் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது என்பதால், பிஸ்டனுக்கும் அது ஓடும் உள்குழலான லைனருக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளியை எண்ணெய்ப் படலமே அடைக்கிறது. அழுத்தம் நிற்பது அதனால். மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம்: எண்ணெய் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. மஃப்ளரிலிருந்து வழியும் அந்தச் சூடான எண்ணெய், பிஸ்டனிலிருந்தும் லைனரிலிருந்தும் எடுத்துப்போன சூடு. எண்ணெயைக் குறைத்தால் மூன்றும் சேர்ந்தே குறையும்.

எல்லா எண்ணெயும் மெத்தனாலில் கரைவதில்லை. காருக்கான கனிம எண்ணெய், சாதாரண 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) எண்ணெய் இரண்டுமே மெத்தனாலோடு சேராமல் தனியே பிரிந்து நிற்கும். குலுக்கினால் சில நிமிடம் கலங்கலாகத் தெரியும், பிறகு அடியில் தங்கும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குச் சில நேரம் வெறும் மெத்தனாலும் சில நேரம் வெறும் எண்ணெயும் போகும். க்ளோ எரிபொருளுக்கு இடம் இருப்பது இரண்டே வகைக்கு: விளக்கெண்ணெய், அதாவது கேனில் கேஸ்டர் என்று எழுதியிருப்பது, மெத்தனாலில் கரையும்படி செய்யப்பட்ட செயற்கை எண்ணெய்.

விளக்கெண்ணெயா, செயற்கை எண்ணெயா?

இந்தச் சண்டை பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதன் சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. மற்றத் தாவர எண்ணெய்களில் இது அபூர்வம். மெத்தனாலில் கரைவதும் உலோகப் பரப்பை விடாமல் பற்றிக்கொள்வதும் அந்தத் தொகுதியால்தான். பெட்ரோலில் இது எளிதில் கரையாது. அந்தக் குணத்தைத்தான் முதல் உலகப்போர்க் காலத்தின் நோம், லெ ரோன் சுழல் எஞ்சின்களில் பயன்படுத்திக்கொண்டார்கள். கிராங்க் கேசுக்குள் பெட்ரோல் கலவை வந்துபோகும் அந்த எஞ்சின்களில் கனிம எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும், விளக்கெண்ணெய் நின்றது.

சூட்டில் இது நடந்துகொள்ளும் விதம்தான் இதன் உண்மையான பெருமை. வெப்பம் அளவு மீறும்போது விளக்கெண்ணெய் ஆவியாகிக் காணாமல் போவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இன்னும் கெட்டியாகின்றன. படலம் அறுபடாமல் உலோகத்தின் மேலேயே கிடக்கிறது. வானத்தில் டேங்க் காலியாகும் தறுவாயில், அல்லது குழாயில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டு எரிபொருள் குறைந்து எஞ்சின் கொதிக்கும்போது, கீழே நிற்கும் விமானியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. அந்தச் சில விநாடிகளைத் தாங்குவது இந்தப் படலம்.

அதே குணம்தான் இதன் குறையும். கெட்டியானது அங்கேயே ஒட்டிக்கொண்டு தேன் நிறத்தில், பின் கருப்பாக வார்னிஷாகப் படியும். பிஸ்டன் பக்கங்களில், ரிங் பள்ளத்தில், எக்ஸாஸ்ட் வழியில், சிலிண்டர் தலையின் வெளிப்புறத் தகடுகளில் எல்லாம் ஏறும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுத் தண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ரிங் உள்ள எஞ்சினில் ரிங்கைப் பள்ளத்தோடு ஒட்டிவிடும்.

செயற்கை எண்ணெய்களில் பெரும்பாலானவை பாலிஆல்கைலீன் கிளைக்கால் வகை. எஸ்டர் வகையும் உண்டு. இவை மெல்லியவை, உராய்வு குறைவு, எஞ்சினின் உள்பகுதி கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். சரியான கலவையில், சரியான சூட்டில் ஓடும்வரை விளக்கெண்ணெய்க்கு எந்த வகையிலும் இளைத்தவை அல்ல. ஆனால் ஓர் எல்லை உண்டு. அந்த வெப்பநிலையைத் தாண்டினால் படலம் ஆவியாகி எரிந்து, உலோகம் உலோகத்தோடு நேரே உராயும். எச்சரிக்கை கொடுக்காத முறிவு அது. துருவிலிருந்து காப்பதிலும் பல செயற்கை எண்ணெய்கள் விளக்கெண்ணெய்க்குப் பின்னால்தான் நிற்கின்றன. கிளைக்கால் வகை காற்றின் ஈரத்தை வேறு இழுத்து வைத்துக்கொள்கிறது.

ஆகவே நடைமுறையில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்திருப்பது கலப்புக்கு. மொத்த எண்ணெய் 20 சதவீதம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை விளக்கெண்ணெய், மீதி செயற்கை. சாதாரண நாட்களில் செயற்கை எண்ணெய் சுத்தமாக வைத்திருக்கும். கெட்ட நேரத்தில் விளக்கெண்ணெய் காப்பாற்றும். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. முழுக்கச் செயற்கை எண்ணெய் என்பது, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை நுட்பமாக வைக்கத் தெரிந்து, ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்க்கும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும்.

விளக்கெண்ணெய் வாங்கும்போது ஒரு கவனம். பசையும் மெழுகும் நீக்கிய, முதல் பிழிவின் தூய எண்ணெய்தான் எரிபொருளுக்கு ஆகும். வாசனை சேர்த்தது, வேறு எண்ணெய் கலந்தது, ஹைட்ரஜன் ஏற்றியது எதுவும் கூடாது. தூய எண்ணெயா என்பதற்கு ஓர் எளிய சோதனை: கண்ணாடிப் புட்டியில் ஒரு பங்கு எண்ணெயும் நான்கு பங்கு மெத்தனாலும் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். காலையில் தண்ணீர்போலத் தெளிந்திருந்தால் சரி. அடியில் படலமோ பஞ்சு போன்ற மிதவையோ தெரிந்தால் அந்த எண்ணெய் எஞ்சினுக்கு வேண்டாம்.

எஞ்சினின் உலோகம் என்ன சொல்கிறது?

எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை எஞ்சினைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இரும்புப் பிஸ்டனும் எஃகு லைனரும் கொண்ட பழைய வகை எஞ்சின்கள், கிராங்க்ஷாஃப்ட் வெண்கலப் புஷ்ஷில் சுற்றும் எஞ்சின்கள் எல்லாம் எண்ணெய்ப் பசி மிக்கவை. இவற்றுக்கு 25 சதவீதமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள், அதில் பாதிக்குக் குறையாமல் விளக்கெண்ணெய். புஷ் பேரிங்கில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. மெல்லிய எண்ணெய் அந்த இடத்தில் நிற்காது. காக்ஸ் .049 (கொள்ளளவு 0.049 கன அங்குலம்) போன்ற மிகச் சிறிய எஞ்சின்களில் கனெக்டிங் ராடின் மேல் நுனி ஒரு பந்தாக முடிந்து பிஸ்டனின் உட்குழியில் பொருந்தியிருக்கிறது. இடிபோல் விழும் அழுத்தம் முழுவதும் அந்தச் சிறு பந்தின் மேல். செயற்கை எண்ணெய் மட்டும் உள்ள எரிபொருளில் ஓட்டினால் அந்த மூட்டு தளர்ந்து, ஆடத் தொடங்கும். விளக்கெண்ணெய் பேச்சுக்கே இடமில்லாத தேவை என்பது இங்கேதான்.

பால் பேரிங்கோடு, அலுமினியப் பிஸ்டனும் குரோம் பூசிய பித்தளை லைனரும் கொண்ட ஏபிசி வகை எஞ்சின்களின் கதை வேறு. இவற்றின் லைனர் மேலே சற்றுக் குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் உச்சியில் பிஸ்டன் இறுகுவது தெரியும். சிலர் பயந்து எஞ்சின் பழுது என்று நினைத்துவிடுவார்கள். ஓடிச் சூடானதும் பித்தளை விரிந்து சரியான இடைவெளிக்கு வரும். இவற்றுக்கு 18 முதல் 20 சதவீதம் கலப்பு எண்ணெய் போதும். புது எஞ்சினைப் பழக்கும்போது எரிபொருளை மிக அதிகமாக விட்டு, புகைந்து வழியக் குளிர்ச்சியாகவே நெடுநேரம் ஓட்டுவது இரும்புப் பிஸ்டனுக்கு உரிய முறை. ஏபிசியை அப்படி ஓட்டினால் லைனர் விரியாமலே பிஸ்டன் அந்தக் குறுகலில் உரசி, கனெக்டிங் ராடும் வதைபடும். அதைச் சூடேற விட்டு, நிறுத்தி, ஆறவைத்து, மறுபடி ஓட்ட வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின்களில் பேரிங்குக்கும் கேம் தண்டுக்கும் எண்ணெய் போய்ச் சேருவது பிஸ்டனைத் தாண்டிக் கசியும் வாயுவோடுதான். ஆகவே எண்ணெய் கொஞ்சமாவது துரு தடுக்கும் வகையாக இருக்க வேண்டும், வால்வில் வார்னிஷும் ஏறக் கூடாது. பெரும்பகுதி செயற்கை, சிறு பங்கு விளக்கெண்ணெய் என்பதே இங்கு ஒத்துவரும். ஹெலிகாப்டர்களுக்கு 30 சதவீத நைட்ரோவும் செயற்கை எண்ணெயும் கொண்ட தனி எரிபொருள் விற்கிறார்கள். அதை விமான எஞ்சினில் ஊற்றுவதில் பணச்செலவைத் தவிர வேறு பயன் பெரும்பாலும் இல்லை.

கேனில் எண்ணெய் குறைவாக இருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 16 சதவீத எண்ணெயும் 15 சதவீத நைட்ரோவும் உள்ள ஒரு லிட்டர் எரிபொருளில் 160 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்கிறது. அதில் 50 மில்லிலிட்டர் விளக்கெண்ணெய் சேர்த்தால் 1050இல் 210, சரியாக 20 சதவீதம். நைட்ரோ 14.3க்கு இறங்கும், அது எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. சேர்த்த எண்ணெய் முழுவதும் விளக்கெண்ணெயாகவே இருப்பதால், கலப்பு விகிதமும் தானாக நல்ல இடத்துக்கு வந்துவிடுகிறது. 25 சதவீதம் கேட்கும் பழைய எஞ்சினுக்கு இந்த 50 மில்லிலிட்டர் போதாது, இதே முறையில் கணக்கிட்டு இன்னும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

நைட்ரோ: எப்போது, எவ்வளவு?

நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. ஒரு கிலோவை எரிக்க 1.7 கிலோ காற்றே போதும். கிலோவுக்கு 11 மெகாஜூல்தான் என்றாலும், கிலோ காற்றுக்கு எனக் கணக்கிட்டால் மெத்தனாலைவிட இரு மடங்குக்கும் மேல். சக்தி கூடுவதன் இரகசியம் இதுதான். ஆனால் 5 சதவீதத்திலிருந்து 15க்குப் போவதால் சாதாரண விளையாட்டு எஞ்சினில் கிடைப்பது சில நூறு சுற்றுகள். அந்த வேறுபாட்டை ப்ரொப்பெல்லரை மாற்றியே பெற்றுவிடலாம்.

நைட்ரோவின் உண்மையான பயன் குறைந்த வேகத்தில் தெரியும். தரையில் சீராகச் சுற்றிக்கொண்டு நிற்பது, திராட்டிலைத் திறந்தால் தயங்காமல் ஏறுவது, ஊசி வால்வு சற்று அப்படி இப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்வது ஆகியவை நைட்ரோவால் எளிதாகும். தொடங்குகிறவர்களுக்கு 5 அல்லது 10 சதவீதம் பரிந்துரைக்கப்படுவது இதற்காகத்தான். எஞ்சின் சிறியதாக ஆக இந்தத் தேவை கூடும்; .049களுக்கு 15 முதல் 25 சதவீதம் வழக்கம்.

நைட்ரோவே இல்லாமலும் பறக்கலாம். கம்பியில் கட்டிப் பறக்கவிடும் எஃப்2ஏ வேகப் போட்டிகளில் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி எரிபொருள் 80 சதவீத மெத்தனால், 20 சதவீத விளக்கெண்ணெய், வேறொன்றும் இல்லை. அந்த எஞ்சின்கள் உலகின் மிக வேகமான சிறு எஞ்சின்களில் சேரும். அவற்றின் அழுத்த விகிதம் நைட்ரோ இல்லாத எரிபொருளுக்கென்றே உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.

க்ளோ எஞ்சினில் எரியூட்டும் நேரத்தைத் தனியே வைக்க வழி கிடையாது. அழுத்தம், பிளக்கின் சூடு, நைட்ரோவின் அளவு மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நைட்ரோ கூடினால் எரிதல் முந்திக்கொள்ளும். உயர்ந்த அழுத்தம் கொண்ட எஞ்சினில் 15 சதவீதம் ஊற்றினால், எண்ணெயில் ஏதோ பொரிவதுபோல ஒரு சடசடப்பு கேட்கும். அப்போது பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கம்பிச்சுருள் நசுங்கியோ, பளபளப்பு போய் வெளிறியோ இருக்கும். ஒரே நாளில் அடுத்தடுத்துப் பிளக் போனால் பிளக்கைக் குறை சொல்லாமல் நைட்ரோவைக் குறையுங்கள். அல்லது குளிர்ந்த வகைப் பிளக்கைப் போட வேண்டும், அதுவும் போதாவிட்டால் தலைக்கு அடியில் 0.1 மில்லிமீட்டர் அளவில் கூடுதல் வாஷர் வைத்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

சதவீதத்தில் ஒரு குழப்பமும் உண்டு. பெரும்பாலான கேன்களில் இருப்பது கன அளவுச் சதவீதம். நைட்ரோமீத்தேனின் அடர்த்தி 1.14, மெத்தனாலுடையது 0.79 என்பதால், கன அளவில் 15 என்பது எடையில் 19க்கு மேல் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1148 எண் விதி, எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவைகளை வெடிபொருள் மூலப்பொருளாகக் கருதிப் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்துகிறது. கேனில் 15 என்று படித்துவிட்டு எல்லைக்குள் இருப்பதாக நினைப்பவர் உண்மையில் எல்லையைத் தாண்டியிருப்பார்.

வீட்டில் கலக்குகிறவர்களுக்கு ஒரு சொல்: நைட்ரோமீத்தேனும் விளக்கெண்ணெயும் தனியாக ஒன்றோடொன்று சேராது. முதலில் எண்ணெயை மெத்தனாலில் கரைத்து, பிறகு நைட்ரோவைச் சேர்க்க வேண்டும். மெத்தனால் நஞ்சு. குடித்தால் மட்டுமே ஆபத்து என்று நினைக்கக் கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும், கண்பார்வையைப் பறிக்கும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. திறந்தவெளியில், கையுறையோடு, குழந்தைகள் எட்டாத இடத்தில் செய்யுங்கள்.

நல்ல எண்ணெயைக் கெடுக்கும் ஊசி வால்வு

எவ்வளவு உயர்ந்த எரிபொருளானாலும் ஊசி வால்வை இறுக்கி வைத்தால் பயனில்லை. எண்ணெய் தனியாக வருவதில்லை, எரிபொருளோடு சேர்ந்தே வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது, சூடு மட்டும் கூடுகிறது. மெக்கானிக்குகள் லீன் என்று சொல்லும் இந்த நிலைதான் மாதிரி எஞ்சின்களின் முதல் எமன்.

முழு வேகத்தில் ஓடும்போது எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்கி விடுங்கள். வேகம் சற்று ஏறி, உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. ஏறாமல் நேரே இறங்கினால் ஏற்கெனவே லீன். ஊசியைத் திறக்க வேண்டும். பிறகு விமானத்தின் மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். ஓசை தொய்யக் கூடாது. பறக்கும்போது பின்னால் மெல்லிய வெண்புகைக் கோடு தெரிய வேண்டும். இறங்கியபின் மஃப்ளர் நுனியில் படிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். நிறமற்றோ இளம் பழுப்பாகவோ இருந்தால் நிம்மதி. சாம்பல் கலந்த கருப்பாக, வெயிலில் மினுங்கினால் அது உலோகத் துகள்; உள்ளே ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது.

பெட்ரோலும் டீசலும்

பெரிய மாதிரி விமானங்களில் இப்போது பெட்ரோல் எஞ்சின்கள் மறுபடி வந்துவிட்டன. இங்கே கேள்வி எளிது. பெட்ரோலுக்கு எண்ணெய் 32:1 என்றால் லிட்டருக்கு 31 மில்லிலிட்டர் எண்ணெய், 50:1 என்றால் 20 மில்லிலிட்டர். உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். எண்ணெய் காற்றால் குளிரும் எஞ்சினுக்கு உரியதாக, ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தரத்தில் இருக்கட்டும். படகு எஞ்சின்களுக்கான டிசி-டபிள்யூ3 தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது; இங்கே வேண்டாம். பாதுகாப்புக்கு என்று எண்ணெயைக் கூட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: எண்ணெய் கூடிய அளவுக்கு அதே துளை வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. ஊசியைத் திறக்காவிட்டால் எஞ்சின் லீன் ஆகிவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் பறந்து முடித்ததும் டேங்கை வடித்துவிடுங்கள். குழாய் விஷயத்திலும் தவறு நேரும்: மெத்தனாலுக்கு உகந்த சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும். பெட்ரோலுக்கு டைகான் அல்லது விட்டான் குழாய்.

'டீசல்' என்று பெயர் பெற்ற சிறிய எஞ்சின்களில் பிளக்கே கிடையாது. சிலிண்டர் உச்சியில் ஒரு திருகால் அழுத்தத்தை மாற்றலாம். எரிபொருள் ஈத்தர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சமபங்கு. எரிதல் சீராக ஓரிரு சதவீதம் நைட்ரேட் சேர்க்கை. ஈத்தர் 160 முதல் 180 டிகிரியிலேயே தானாகத் தீப்பற்றும் என்பதால் அழுத்தச் சூடே போதும். மண்ணெண்ணெய்தான் சக்தி தருவது. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் தனியே ஒழுங்காகச் சேராது, ஈத்தர்தான் இரண்டையும் கலந்து நிறுத்துகிறது. மூடி தளர்ந்திருந்தால் முதலில் பறந்துபோவதும் அந்த ஈத்தரே. எஞ்சின் தொடங்க மறுத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய கேனைத்தான். நெடுநாள் திறந்து கிடந்த ஈத்தரில் வெடிக்கும் பெராக்சைடு உருவாகும் என்பதால், அதைச் சேமித்து வைக்கும் ஆசையும் கூடாது.

பறந்து முடித்தபின்

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். எரிந்தபின் மிஞ்சும் பொருட்கள் அமிலத்தன்மை கொண்டவை. இரண்டும் சேர்ந்து பின் பேரிங்கை ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாக்கிவிடும். கடைசிப் பறப்புக்குப் பிறகு குழாயைக் கழற்றி, எஞ்சினை உள்ளே இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். பின் கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் சில சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள். பலர் இதற்கு ஆட்டோமேட்டிக் கியருக்கான எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. எரிபொருள் கேனை இறுக மூடி, வெயில் படாமல், கூடியவரை நிறைந்த நிலையில் வையுங்கள்; பாதி காலியான கேனில் இருக்கும் காற்றிலிருந்தும் ஈரம் ஏறும்.

விளக்கெண்ணெயில் ஓடி நெடுநாள் சும்மா கிடந்த எஞ்சின் அசையாமல் இறுகிப்போயிருந்தால் ப்ரொப்பெல்லரைப் பிடித்து முறுக்காதீர்கள். கனெக்டிங் ராட் வளையும். உள்ளே கெட்டியான எண்ணெய்தான் பிடித்திருக்கிறது, சூட்டுக்கு அது இளகும். ஹீட் கன்னால் சிலிண்டரைச் சுற்றிலும் சூடாக்கி, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுக்கொடுக்கும். வார்னிஷ் கருகி ஏறியிருந்தால் பிரித்தெடுத்த உலோகப் பாகங்களை ரேடியேட்டருக்கான கிளைக்கால் திரவத்தில் மிதமான சூட்டில் சில மணி நேரம் ஊறவிட வேண்டும், கொதிக்க விடக் கூடாது. அதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது, ஏனென்றால் அந்தத் திரவம் நஞ்சு. பிறகு வெந்நீரில் கழுவி, உடனே உலர்த்தி, பேரிங்கில் எண்ணெய் விட்டு, கையால் சுற்றும்போது கரகரப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தபிறகே பிளக்கை மாட்டுங்கள்.